கையளவுத் திரைக்கு ஒரு வெப்சைட்: களமருதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு



உளுந்தூர்பேட்டை வட்டத்தில், நம் களமருதூரைச் சுற்றியுள்ள ஊர்களில், கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். ஒருநாள் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள்: "கடைக்கு வெப்சைட் ஒன்னு இருக்குப்பா. போன்ல பார்த்தா எழுத்தெல்லாம் பொடிப்பொடியா தெரியுது. கொஞ்சம் சரி பண்ணிக் கொடேன்." கேட்பவர் விதைக்கடைக்காரராக இருக்கலாம், சின்னசேலத்தில் மரச்சிற்பம் செதுக்குபவராக இருக்கலாம், கோயில் திருப்பணிக் குழுவாக இருக்கலாம். உங்களுக்கு எச்டிஎம்எல் கொஞ்சம் தெரியும், சிஎஸ்எஸ் அதைவிடக் குறைவாகத் தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் பயம். இந்த வேலைக்கு அந்த அறிவே போதும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டிடிபியிலும் அச்சிலும் தொடங்கி வெப்சைட் வேலைக்கு வந்தவன். கீழே வரும் கோட் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. வெப் பக்கம் தானாகவே வளையும். முதலில் இதை நம்புங்கள்.

உலகின் முதல் வெப்சைட்டை டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1991 ஆகஸ்டில் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. 2013இல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மறுபடி ஏற்றி வைத்தது. கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, பிரவுசர் விண்டோவின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளிப் பாருங்கள். வரிகள் மடங்கிக் கீழே இறங்கும். எதுவும் வெளியே துருத்தாது. அகலம் என்று ஓர் எண்ணைக்கூட அதில் யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் காரணம்.

விறைப்பைக் கொண்டுவந்தவர்கள் எங்களைப் போன்ற அச்சுத்தொழில்காரர்கள். தாளுக்கு டெமி, கிரவுன், ஏ4 என்று அளவு உண்டு. திரைக்கும் ஓர் அளவு இருந்தாக வேண்டும் என்று நினைத்தார்கள். மானிட்டர் 800-க்கு 600 இருந்தபோது பக்கத்தை 760 பிக்சலுக்கு வெட்டினார்கள். 1024-க்கு 768 வந்ததும் 960 என்றார்கள். போன் வந்தபோது இந்த எண்கள் எல்லாமே தொல்லையாகிவிட்டன.

2000 ஏப்ரலிலேயே ஜான் ஆல்சாப் என்பவர் 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில், தாளில் இருக்கும் பிடியை வெப்பில் தேடாதீர்கள், அது வளைவதுதான் அதன் பலம் என்று வாதிட்டிருந்தார். பத்து ஆண்டு கழித்து, 2010 மே 25 அன்று, அதே இதழில் ஈதன் மார்கோட் எழுதிய கட்டுரைதான் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்ற பெயரையே கொடுத்தது. அவர் சொன்னவை மூன்று. அகலங்களை விகிதத்தில் எழுது. படங்களைச் சுருங்கவிடு. திரையின் அகலத்தைக் கேட்டு, அதற்கேற்ப விதியை மாற்று. இன்றுவரை இந்த வேலையின் அடித்தளம் இந்த மூன்றுதான்.

புதிதாக வருபவர்கள் ரெஸ்பான்சிவ் என்பதை ஏதோ புதிதாகச் சேர்க்க வேண்டிய சரக்கு என்று நினைக்கிறார்கள். சிறிய வெப்சைட்டில் பெரும்பகுதி வேலை, யாரோ முன்பு போட்ட கட்டுகளை அவிழ்ப்பது. அவிழ்த்துவிட்டால் பாதிப் பக்கம் தானே சரியாகும்.

2. தொடும் முன் நகல் எடுங்கள்.

முழு ஃபோல்டரையும் இறக்கி, தேதி போட்டுத் தனியே வையுங்கள். கடைக்காரரிடம் ஹோஸ்டிங் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று அன்றே கேட்டுவிடுங்கள். பல இடங்களில், வெப்சைட் செய்து கொடுத்தவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், பாஸ்வேர்டும் அவரோடே போயிருக்கும். அது கைக்கு வராமல் கோட் எதையும் தொடுவதில் பயனில்லை.

3. முதல் மருந்து, வியூபோர்ட் வரி.

முன்னே சொன்ன செர்ன் பக்கத்தைப் போனில் திறந்தால் எழுத்து பொடியாகத்தான் தெரியும். வளையக்கூடிய பக்கம் ஏன் அப்படித் தெரிகிறது? 2007இல் ஐபோன் வந்தபோது உலகத்து வெப்சைட் எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்காகவே செய்யப்பட்டிருந்தன. அதனால் ஆப்பிள் ஒரு தந்திரம் செய்தது. போனின் பிரவுசர் தன்னை 980 பிக்சல் அகலத் திரையாகப் பாவித்துப் பக்கத்தை வரைந்து, பிறகு அதைச் சுருக்கிக் காட்டும். மற்றப் போன் பிரவுசர்களும் ஏறக்குறைய அதே வழியில் போயின. 'இந்தப் பக்கம் போனுக்குத் தயார்' என்று நாம் சொல்லும்வரை அந்தப் பாவனை நீடிக்கும்.

அதைச் சொல்லும் வரி, ஹெட் பகுதிக்குள் வரவேண்டிய ஒரு மெட்டா டேக். பெயர் வியூபோர்ட். அதன் கன்டென்ட்டில் 'விட்த் ஈக்வல் டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் ஈக்வல் 1' என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பில் மட்டும் போட்டுவிட்டு உள்பக்கங்களை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வரியைச் சேர்த்ததும் பக்கம் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். எழுத்து பெரிதாகும், வலப்பக்கம் பாதி வெளியே போகும். பயப்படாதீர்கள். இதுவரை சுருக்கி மறைத்த கோளாறுகள் இப்போதுதான் வெளியே வந்திருக்கின்றன.

சிலர் இதே வரியில் 'யூசர்-ஸ்கேலபிள் நோ' என்றும் சேர்ப்பார்கள். இரு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தடுக்கிற சொல் அது. நம் ஊரில் கண்ணாடி வாங்காமலே காலம் தள்ளும் பெரியவர்கள் எத்தனை பேர்! கண்டால் உடனே நீக்குங்கள்.

பிக்சல் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். போன் பெட்டியில் 1080 பிக்சல் அகலம் என்று போட்டிருக்கும். பிரவுசர் அதை 360 என்றுதான் எண்ணும்; திரையின் மூன்று புள்ளியைச் சேர்த்து ஒரு பிக்சலாகக் கணக்கில் எடுக்கிறது. நீங்கள் சிஎஸ்எஸ்ஸில் எழுதுவது இந்தக் கணக்கில்தான். இன்றைய போன்கள் பெரும்பாலும் 360 முதல் 430 வரை வரும்.

4. தமிழ் எழுத்து யூனிகோடில் இருக்கிறதா?

பழைய வெப்சைட்டுகளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த தமிழ் இன்னும் கிடக்கிறது. அவை உண்மையில் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி போட்டவை. அந்த எழுத்துரு போனில் இல்லாததால் வாசகருக்குத் தெரிவது புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. நீங்களும் முதலில் மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இலவசம். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். துணைக்கால் ரகரமாகியிருக்கும், ஔகாரம் 'ஒள' என்று பிரிந்திருக்கும். பக்கத்தின் தலையில் யுடிஎஃப்-8 என்ற வரியும், எச்டிஎம்எல் டேகில் மொழி 'டிஏ' என்ற குறிப்பும் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய வழக்கம், எழுத்தையே படமாக்கிப் போடுவது. நோட்டீஸுக்கு அடித்த டிசைனை ஜேபெக் ஆக்கி அப்படியே ஏற்றிவிடுவார்கள். 360 பிக்சல் திரையில் அது படிக்கவே முடியாமல் போகும். வளைய வேண்டியது எழுத்து, அதைப் படமாக்கி உறைய வைத்தாயிற்று. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது இதன் விலை நன்றாகத் தெரிந்தது. முகவரியை எழுத்தாக வைத்திருந்தவர்கள் 'விழுப்புரம் மாவட்டம்' என்பதை ஒரு நிமிடத்தில் திருத்தினார்கள். படமாக வைத்திருந்தவர்கள் டிசைன் செய்தவரைத் தேட வேண்டியிருந்தது. கடைப் பெயர், முகவரி, நேரம், விலை, தொலைபேசி எண் ஆகிய ஐந்தும் கண்டிப்பாக எழுத்தாக இருக்க வேண்டும்.

5. அகலங்களை வேட்டையாடுங்கள்.

சிஎஸ்எஸ் ஃபைலைத் திறந்து, தேடும் பெட்டியில் 'விட்த்' என்று அடியுங்கள். வரும் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, இது எதற்கு என்று கேளுங்கள். எல்லாவற்றையும் சுற்றியிருக்கும் வெளிப்பெட்டிக்கு 'விட்த் 960 பிக்சல்' என்று இருந்தால், அதை 'மேக்ஸ்-விட்த் 960 பிக்சல்' ஆக்குங்கள். கம்ப்யூட்டரில் ஒரு மாற்றமும் தெரியாது. போனிலோ பெட்டி திரைக்குள் அடங்கிவிடும். எனக்குத் தெரிந்து, இத்தனை சிறிய திருத்தத்தில் இத்தனை பெரிய பலன் தருவது வேறொன்றில்லை.

உள்ளே 640 பிக்சலில் ஒரு பத்தி, 300 பிக்சலில் ஒரு பத்தி, இரண்டும் ஃப்ளோட் போட்டு நிற்கின்றனவா? இரண்டின் அகலத்தையும் ஃப்ளோட்டையும் எடுத்துவிடுங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். போனுக்கு அதுதான் சரி. கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதை எட்டாவதில் பார்ப்போம்.

பெட்டிக்கு 100 சதவீத அகலமும் கொடுத்து, உள்ளே 20 பிக்சல் பேடிங்கும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து திரையைத் தாண்டும். இதைத் தடுக்க, ஃபைலின் உச்சியில் எல்லா உறுப்புக்கும் சேர்த்து 'பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ்' என்று ஒரு விதி எழுதி வையுங்கள்.

உயரத்தையும் விட்டுவிடாதீர்கள். 'ஹைட் 200 பிக்சல்' என்று பெட்டி கட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடிந்தது தமிழில் நான்கு வரி ஆகும். போனில் ஏழு வரி ஆகும். எழுத்து பெட்டியை உடைத்துக்கொண்டு அடுத்ததன் மேல் ஏறும். எழுத்து இருக்கும் பெட்டிக்கு உயரம் எழுதவே கூடாது.

எல்லாம் செய்த பிறகும் பக்கம் இடவலமாக ஆடுகிறதா? எது துருத்துகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அப்போது, நட்சத்திரக் குறியிட்டு எல்லா உறுப்புக்கும் 'அவுட்லைன் 1 பிக்சல் சாலிட் ரெட்' என்று தற்காலிகமாக எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிச் சிவப்புக் கோடு விழும். திரையைத் தாண்டிய கோடு எது என்று பார்த்தால் குற்றவாளி அகப்படும். பிறகு அந்த வரியை நீக்கிவிடுங்கள். 'ஓவர்ஃப்ளோ ஹிட்டன்' என்று பக்கம் முழுவதற்கும் போட்டு மறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆட்டம் நின்றுவிடும், ஆனால் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் சேர்ந்து மறைந்துவிடும்.

6. படம்.

'மேக்ஸ்-விட்த் 100 சதவீதம், ஹைட் ஆட்டோ' என்று இமேஜ் டேகுக்கு விதி எழுதினால் படம் திரைக்குள் நிற்கும். இது சுலபமான பாதி. கடினமான பாதி எடை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னசேலம், கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர்ப் பக்கத்து ஸ்தபதிகளுக்கு வெளியூரிலிருந்து வாடிக்கையாளர் வருவது படம் பார்த்துத்தான். போனில் எடுத்த படம் 4000-க்கு 3000 பிக்சல், மூன்று நான்கு எம்பி இருக்கும். பத்துச் சிற்பம் போட்டால் நாற்பது எம்பி. அதை அப்படியே ஏற்றிவிட்டு 'மேக்ஸ்-விட்த்' எழுதினால் திரையில் சிறியதாகத் தெரியும். ஆனால் வாசகரின் டேட்டாவில் நாற்பது எம்பியும் கழியும். ஏற்றும் முன்னேயே படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, ஜேபெக் தரம் 75 அளவில் சேமியுங்கள். பெரும்பாலும் 200 கேபி பக்கத்தில் வந்து நிற்கும். ஜிம்ப் மென்பொருளில் செய்யலாம். ஸ்கூஷ் என்ற இணையக் கருவியிலும் செய்யலாம். இரண்டும் இலவசம்.

சிற்பம் நெட்டுக்கு நிற்பது. பேனருக்காக அதை அகலவாக்கில் வெட்டித் தலையையும் பாதத்தையும் இழக்காதீர்கள்; போன் திரையே நெட்டுவாக்கில் இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. ஒவ்வொரு படத்தின் கீழும் சிற்பத்தின் உயரம், மரம், எடை ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள்.

எச்டிஎம்எல்லில் படத்தின் உண்மையான அகல உயரத்தை எழுதி வைத்தால், படம் இறங்கும் முன்னே பிரவுசர் இடம் ஒதுக்கிவிடும். படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்காது. பக்கத்தின் அடியில் உள்ள படங்களுக்கு 'லோடிங் லேசி' சேருங்கள்.

முகப்பில் தானாக ஓடும் ஸ்லைடர் வேண்டாம். ஒரு நல்ல படம் போதும்.

7. தமிழுக்கென்று தனிக் கவனம்.

ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைச் சொல்லித் தருவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்ச் சொல் நீளம். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொண்டே போகும். 'உளுந்தூர்பேட்டையிலிருந்து' என்பதில் 13 எழுத்து. ஆங்கிலத்துக்காகச் செய்த ஆயத்தத் தீம் ஒன்றை எடுத்து, அதில் 40 பிக்சல் தலைப்பில் இந்தச் சொல்லைப் போட்டால் 360 பிக்சல் திரையில் அடங்காது. சொல் நடுவே இடைவெளி இல்லாததால் பிரவுசர் மடிக்கவும் முடியாமல் வெளியே தள்ளிவிடும். இதற்கு மூன்று வழி. தலைப்பின் அளவை 'கிளாம்ப்' என்ற ஃபங்ஷனால் எழுதுங்கள்: குறைந்தது 24 பிக்சல், நடுவில் திரை அகலத்தில் 6 சதவீதம், அதிகம் 36 பிக்சல். அடுத்து, பக்கம் முழுவதற்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்ட்' கொடுங்கள். வேறு வழியில்லாதபோது மட்டும் சொல்லை உடைக்கும். மூன்றாவது வழி கோடில் இல்லை, உங்கள் எழுத்தில் இருக்கிறது. 'உளுந்தூர்பேட்டையில் இருந்து' என்று பிரித்து எழுதுங்கள். 'செய்துகொண்டிருக்கிறோம்' என்பதைச் 'செய்கிறோம்' என்று குறையுங்கள். போனுக்கு எழுதும் தமிழ் சிறு சொற்களாக இருப்பது அழகும்கூட.

இரண்டு ஓரமும் ஒட்ட நிற்கும் 'ஜஸ்டிஃபை' அச்சுக்கு அழகு. நான் அதை அவ்வளவு நேசித்தவன். ஆனால் போனில் ஒரு வரிக்கு நான்கைந்து தமிழ்ச் சொல்தான் வரும். நான்கு சொல்லை இழுத்து இரு ஓரத்திலும் ஒட்ட வைத்தால் நடுவில் பல் விழுந்த வாய்போல் இடைவெளி விழும். 'டெக்ஸ்ட்-அலைன் லெஃப்ட்' போடுங்கள். வலது ஓரம் ஏறியிறங்கி இருந்தால் இருக்கட்டும்.

வரி உயரம் அடுத்து. தமிழில் புள்ளியும் இகரச் சுழியும் மேலே போகும், உகரக் கீற்று கீழே இறங்கும். ஆங்கிலத் தீமின் 1.3 வரி உயரத்தில் மேல்வரியின் 'மூ'வும் கீழ்வரியின் 'க்'கும் உரசும். 'லைன்-ஹைட் 1.7' கொடுங்கள், எண்ணோடு பிக்சல் என்று சேர்க்காதீர்கள், அப்போதுதான் எழுத்து பெரிதானால் வரியும் கூடவே விரியும். உடல் எழுத்து 17 அல்லது 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். லெட்டர்-ஸ்பேசிங் எங்கேயாவது இருந்தால் எடுங்கள். தமிழ்ச் சொல் சிதறித் தெரியும். இட்டாலிக்கும் வேண்டாம், தமிழ் எழுத்தைச் சாய்த்தால் நோயாளியாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

எழுத்துரு? ஆண்ட்ராய்டு போனில் நோட்டோ தமிழ் உள்ளேயே இருக்கிறது. ஐபோனில் முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் எழுத்து இருக்கிறது. சிறிய வெப்சைட்டுக்கு இவையே போதும். இறக்க வேண்டிய சுமையும் இல்லை. தனித்தோற்றம் வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், கேடமரன், ஹிந்த் மதுரை போன்றவை கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து, அதிலும் சாதாரணம், தடிமன் என்று இரண்டு கனத்தோடு நிறுத்துங்கள்.

8. மீடியா கொயரி ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

திரையின் அகலத்தைக் கேட்டு விதியை மாற்றுவதே மீடியா கொயரி. போன் மாடல் பெயரையெல்லாம் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் விதி எழுதுபவர்கள் உண்டு. அது முடியாத வேலை. லூக் ரோப்லெவ்ஸ்கி 2009இல் முன்வைத்த 'மொபைல் ஃபர்ஸ்ட்' வழியே நமக்கு ஏற்றது. சாதாரணமாக எழுதும் சிஎஸ்எஸ் முழுவதும் போனுக்கு. எல்லாம் ஒரே பத்தி, ஒன்றன்கீழ் ஒன்று. கடைசியில் 'மீடியா, மின்-விட்த் 700 பிக்சல்' என்று ஓர் அடைப்பைத் திறந்து, அகலத் திரைக்கு மட்டும் வேண்டியதை, இரு பத்தியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது போன்றதை, உள்ளே எழுதுங்கள். அந்த 700 என்ற எண்ணும் சாஸ்திரம் அல்ல. விண்டோவை மெல்ல அகட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பக்கம் வெறிச்சென்று தெரிகிறதோ அதுவே உங்கள் எண்.

சிற்பப் படங்களையோ விதை வகைகளையோ வரிசையாக அடுக்க மீடியா கொயரியே தேவையில்லை. சுற்றுப்பெட்டிக்கு 'டிஸ்ப்ளே கிரிட்' கொடுத்து, பத்திகளுக்கு 'ரிப்பீட், ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ் 220 பிக்சல், 1 எஃப்ஆர்' என்று ஒரே வரி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 220 கொடு, இடமிருந்தால் எத்தனை கொள்ளுமோ அத்தனை வை என்பது பொருள். போனில் ஒன்று நிற்கும், டேப்லட்டில் மூன்று நிற்கும், கம்ப்யூட்டரில் நான்கு நிற்கும். 2017 முதல் பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது வேலை செய்கிறது.

கண்ணால் பார்த்துப் பழக ஓர் இடம் சொல்கிறேன். நம் மாவட்டத்தின் அதிகாரப்பூர்வ வெப்சைட், தேசியத் தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' என்ற பொதுச்சட்டகத்தில் செய்யப்பட்டது. நாட்டின் பல மாவட்டங்களுக்கும் அதே சட்டகம்தான். கம்ப்யூட்டரில் திறந்து விண்டோவைக் குறுக்கிக்கொண்டே வாருங்கள். மெனு எந்த அகலத்தில் மடிகிறது, படம் எப்போது கீழே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காசில்லாத பாடம்.

9. மெனுவும் விரலும்.

ஐந்து லிங்க் இருக்கும் வெப்சைட்டுக்கு மூன்று கோட்டு மெனு பட்டன் எதற்கு? அந்த மூன்று கோட்டைத் தொட்டால் ஏதோ திறக்கும் என்று நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ்-ராப் ராப்' என்று கொடுத்தால் ஐந்தும் இரண்டு வரியில் அமர்ந்துகொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை.

தொடும் இடம் விரலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆப்பிள் 44 என்கிறது, கூகுள் 48 என்கிறது. மண்வெட்டி பிடித்த விரல்களுக்கு நான் 48 வைப்பேன். மவுஸைக் கொண்டுபோனால் விரியும் மெனு போனில் விரியாது. விரலுக்கு மேலே நிற்பது என்ற நிலையே இல்லை.

தொலைபேசி எண்ணை 'டெல்' லிங்க் ஆக்குங்கள். தொட்டதும் போன் போக வேண்டும். விதைக்கடை வெப்சைட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது அந்த எண்தான். அதைப் பக்கத்தின் அடியில் புதைக்காமல் முதல் திரையிலேயே வையுங்கள்.

10. அட்டவணை.

பஸ் நேரம், விலைப்பட்டியல், நன்கொடையாளர் வரிசை எல்லாம் டேபிளில் இருக்கும். ஏழு பத்தி டேபிள் 360 பிக்சலுக்குள் வராது, வர வைக்கவும் முயலாதீர்கள். அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, பெட்டிக்கு மட்டும் 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ' கொடுங்கள். டேபிள் மட்டும் இடவலமாக நகரும், பக்கம் அசையாது. ஆனால் அதற்கு முன், ஏழு பத்தியும் வேண்டுமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். வரிசை எண்ணும் 'குறிப்பு' என்ற காலிப் பத்தியும் பெரும்பாலும் யாருக்கும் பயன்படாதவை.

டேபிளை விவரத்துக்காக அல்லாமல், பக்கத்தையே கட்டுவதற்குப் பயன்படுத்திய பழைய வெப்சைட் என்றால் கதை வேறு. ஃப்ரன்ட்பேஜ் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொன்று என்று போகும். அதைப் பழுதுபார்க்காதீர்கள். எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு புதிய எச்டிஎம்எல்லில் ஊற்றுங்கள். ஐந்து பக்கம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

11. ஆயத்தப் பொருள்.

வேர்ட்பிரஸில் ஓடும் வெப்சைட் என்றால், தீம் பழையதா என்று பாருங்கள். புதிய தீமுக்கு மாற்றினால் முக்கால் வேலை தீர்ந்துவிடும். 2011இல் வெளியான பூட்ஸ்ட்ராப் நல்ல சட்டகம்தான். ஆனால் ஐந்து பக்கத்துக்கு அத்தனை சுமை ஏன்? ஏஐயிடம் கேட்டுக் கோட் வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தவற்றை மட்டும் ஃபைலில் சேருங்கள். நாளைக்குக் கோளாறு வந்தால் கடைக்காரர் கூப்பிடப்போவது உங்களைத்தான்.

12. சோதனை, கம்ப்யூட்டருக்கு வெளியே.

குரோம் பிரவுசரில் எஃப்12 அழுத்தித் திறக்கும் கருவியில் போன் அகலத்தைத் தேர்ந்து பார்க்கலாம். அது தொடக்கம் மட்டுமே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நம் கிராமங்களில் இணையத்துக்குள் வந்தவர்களில் மிகப் பலர், கம்ப்யூட்டர் திரையையே தொடாமல் நேரே போனுக்கு வந்தவர்கள். 2017இல் வந்த பட்டன் வைத்த ஜியோபோனின் திரை வெறும் 240-க்கு 320 பிக்சல். அதில் முழுதாக அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை, தொலைபேசி எண்ணும் முகவரியும் படிக்க வர வேண்டும்.

வீட்டில் இருப்பதிலேயே பழைய, கீறல் விழுந்த போனை வாங்கிப் பாருங்கள். நடுப்பகல் வெயிலில் வாசலில் நின்று பாருங்கள். வெளிர் சாம்பல் எழுத்து அங்கே காணாமல் போகும். போன் செட்டிங்கில் எழுத்தை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள். வயதானவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் வேலை வந்தால், வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கல்வராயன் மலையில் தேனும் கடுக்காயும் விற்கிறவருக்காக நீங்கள் செய்த வெப்சைட், அந்த மலையிலேயே திறக்கவில்லை என்றால் அவர் அதை எப்படி மற்றவருக்குக் காட்டுவார்? அப்படி ஒரு பக்கத்தின் மொத்த எடை படங்களோடு சேர்த்து ஒரு எம்பிக்குள் இருக்கட்டும்.

கடைசியாக, வெப்சைட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து ஒரு வேலை சொல்லுங்கள். "இந்தக் கடை ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா, பார்த்துச் சொல்லுங்க அத்தை" என்று. பிறகு வாயைத் திறக்காதீர்கள். எங்கே தொடுகிறார், எங்கே தயங்குகிறார், எந்த இடத்தில் போனைத் திருப்பி உங்களிடம் நீட்டுகிறார் என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். அன்று மாலை அந்தத் தாளில் முதலில் எழுதியிருப்பதில் இருந்து திருத்தத் தொடங்குங்கள்.